கதை நடத்துநர் கையில் உள்ள பரிசுகள்

கொழுந்து மடுவத்தில் தராசு எதைக் கேட்கிறதோ, மலையில் கை அதையே பறிக்கும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குறித்த கிலோ சேர்ந்தால் முழுப்பேர், சேராவிட்டால் அரைப்பேர், மிஞ்சினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு. எடை மட்டுமே கணக்கு என்றாகும் நாளில், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கப் பழகிய விரல் முற்றின இலைக்கும் நீளும். கங்காணி கூடையைக் கிளறிப் பார்ப்பது அதனால்தான்.

மேசை விளையாட்டு ஒன்றின் ஐம்பது ஆண்டு வரலாற்றிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. முதல் பதிப்பில் அச்சானவை ஆயிரம் பெட்டிகள். அதன் விதிப்படி, குகையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றாலும் புள்ளி உண்டு, ஆனால் பெரும்பகுதி பொன்னிலிருந்துதான் வந்தது. அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். தூங்கும் டிராகனை எழுப்பாமல் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவர்களுக்கு லாபம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது பொது விதியாக இல்லாமல், விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதியானது. பகையை வெல்வது முன்னுக்கு வந்தது. மேசையில் சண்டை கூடியது. ஆட்டக்காரர்களின் குணம் மாறவில்லை, பரிசு கிடைக்கும் இடம்தான் மாறியது.

இந்த வகை விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துநர். உலகத்தை விவரிப்பது, எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் பேசவைப்பது, விதிகளைக் கவனிப்பது அவர் வேலை. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்: ஒருவர் வைத்தியர், ஒருவர் வில்லாளி, ஒருவர் ஊர் ஊராகத் திரியும் பாடகர். “நீங்க பலாபத்தல வழியா சிவனொளிபாதமலைக்கு ஏறிக்கிட்டு இருக்கீங்க. மழை புடிச்சிருச்சி. முன்னுக்குப் போன ஆளோட விளக்கு திடீர்னு அணைஞ்சிருச்சி. என்ன செய்யப் போறீங்க?” என்று நடத்துநர் கேட்பார். ஆட்டக்காரர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார். முடிவு நிச்சயமில்லாத செயல் என்றால் பகடை உருட்டுவார்கள். சதுரங்கப் பலகையும் இல்லை, வெற்றிக் கோடும் இல்லை. கதை பல கிழமைகள், சில இடங்களில் பல ஆண்டுகள்கூட நீளும்.

மலையகத்துக்கு இந்த ஆட்டத்தில் பாதி ஏற்கெனவே பழக்கம். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர் இரவில் எமனாக வருகிறார், பக்கத்து லயத்துப் பையன் ரதியாகிறான். தப்பு முழங்கும்போது ஊரே கதைக்குள் போய்விடுகிறது. பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டம் ஒதுங்கி நிற்பதில்லை. வேண்டுதலுக்காக வேடம் கட்டுவோரும் உண்டு. அவர்களுக்கு அந்த வேடமே கிடைத்த பேறு. ஒரு வித்தியாசம்: மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள், பிறகு அவன் எழுவான் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். மேசை ஆட்டத்தில் முடிவு நடத்துநருக்கே தெரியாது.

அந்த நிச்சயமின்மைக்கும் நம்மிடம் ஒரு முன்னோடி இருக்கிறது. தஞ்சாவூர்ப் பகுதியில் காமன் பண்டிகையை ஒட்டிப் பாடப்படும் இலாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பு. மன்மதன் எரிந்தான் என்று ஒரு தரப்பும், எரியவில்லை என்று மறு தரப்பும் பாட்டிலேயே கேள்வி கேட்டுப் பாட்டிலேயே மறுமொழி சொல்லும். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாமல் அந்த இடத்திலேயே கட்ட வேண்டிய மறுமொழி அது. நல்ல மறுமொழி விழுந்ததும் கூட்டம் எழுப்பும் ஆரவாரத்துக்காகத்தான் விடிய விடியப் பாடுவார்கள். பாத்திரமேற்று ஆடும் மேசையிலும் மிகப் பெரிய பரிசு இதுவே. பகடையும் புள்ளியும் பொன்னும் அதற்குத் துணையாக நிற்பவை.

புதிதாகக் கதை நடத்த வருபவர்கள் பெரும்பாலும் இந்தத் துணைகளையே முதலில் அள்ளிக் கொடுக்கிறார்கள். முதல் நாளிலேயே நெருப்பு கக்கும் வாள், இரண்டாம் நாளில் பறக்கும் கம்பளம். நண்பர்கள் சந்தோஷப்படுகிறார்கள், மூன்றாம் நாள் எந்த எதிரியும் அவர்கள் முன் நிற்பதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களிடையே இதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. கதவுக்குப் பின்னால் பரிசு வைத்து அள்ளிக் கொடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்ட்டி ஹாலின் பெயரை வைத்து, இப்படி நடக்கும் ஆட்டத்தை ‘மான்ட்டி ஹால்’ ஆட்டம் என்பார்கள். கொடுத்ததைப் பிடுங்கினால் மனக்கசப்பு. பிடுங்காவிட்டால் எதிரிகளை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். சிறியதாகத் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது. ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படும் மருந்து, ஓர் ஊரின் வரைபடம், பழைய சாவி போன்றவை முதல் சில நாட்களுக்குப் போதும்.

சாவியும் வரைபடமும் வாளைவிட ஒரு விதத்தில் மேலானவை. வாள் கிடைத்தவர் அதை இடுப்பில் செருகிக்கொள்வார், அத்தோடு அது முடிந்தது. சாவி கிடைத்தவர் எந்தக் கதவுக்கு என்று கேட்பார். அடுத்த கிழமைக்கான கதை அந்தக் கேள்வியிலேயே பிறந்துவிடுகிறது. காப்பாற்றப்பட்ட ஒரு வியாபாரி நன்றியோடு தன் வீட்டுத் திண்ணையைத் தங்கக் கொடுப்பது, ஊர்ப் பெரியவர் சபையில் பேச இடம் தருவது, எதிரியின் தளபதி ஒருவன் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவது எல்லாம் இந்த வகை. காசு செலவாகிப் போகும். உறவு ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது வளர்ச்சி. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸில் அனுபவப் புள்ளி சேரச் சேர ஒரு பாத்திரம் இருபது படிகள் வரை ஏறலாம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி இரண்டாம் படிக்கு 300 புள்ளி, மூன்றாம் படிக்கு 900 புள்ளி. கணக்கு எழுதுவது தொல்லை என்று நினைப்பவர்களுக்கு அதே பதிப்பு வேறு வழியும் சொல்கிறது: கதையில் ஒரு முக்கியமான கட்டம் தாண்டியதும் எல்லோரும் ஒன்றாக ஒரு படி ஏறலாம். புதிய நடத்துநருக்கு இரண்டாவது வழி லேசானது. நாட்கூலிக்குப் போகும் ஓர் ஆட்டக்காரர் ஒரு கிழமை வர முடியாமல் போனால், அவருடைய பாத்திரம் மட்டும் பின்தங்கிப் போகும் வேதனையும் இதில் இல்லை.

ஆனால் வளர்ச்சியை எதற்குக் கொடுப்பது என்பதில் ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு பாதையில் போயிருக்கிறது. 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கோல் ஆஃப் கதுல்ஹு’வில் அனுபவப் புள்ளியே கிடையாது. ஆட்டத்தில் எந்தத் திறமையை வெற்றியோடு பயன்படுத்தினாரோ, அதற்கு நேரே ஆட்டக்காரர் ஓர் அடையாளம் இடுவார். பின்னர் அந்தத் திறமைக்காகப் பகடை உருட்டும்போது, இருக்கும் மதிப்பைவிடக் கூடுதலாக விழுந்தால்தான் அது வளரும். தெரியாதவர் வேகமாகக் கற்கிறார், தேர்ந்தவர் மெதுவாக முன்னேறுகிறார். நூலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியவர் அதில் தேறுவார், துப்பாக்கி தூக்கியவர் குறி பார்ப்பதில் தேறுவார்.

2012இல் சேஜ் லாட்டோராவும் ஆடம் கோபெலும் வெளியிட்ட ‘டன்ஜன் வேர்ல்ட்’ இன்னும் துணிச்சலானது. இரண்டு சாதாரண ஆறுமுகப் பகடைகளை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டுவார்கள். பத்தும் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. ஏழிலிருந்து ஒன்பது வரை என்றால் காரியம் முடியும், அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆறும் அதற்குக் கீழும் வந்தால் நடத்துநர் கதையில் ஒரு சிக்கலை இறக்குவார், தோற்ற ஆட்டக்காரர் தன் தாளில் ஓர் அனுபவப் புள்ளி எழுதிக்கொள்வார். தோல்விக்கே பரிசு. இதனால் தயங்கி உட்கார்ந்திருப்பவரும் முன்வந்து முயல்கிறார். வகுப்பில் பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயைத் திறக்காத பிள்ளைக்கு இப்படி ஒரு மேசையில் வாய் திறக்கிறது. தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலை மன்றத்திலோ ஆட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் இதில் உண்டு. இருபது முகப் பகடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ லூடோ விற்கும் எந்தக் கடையிலும் இந்த அடிப்படை உருட்டலுக்கு வேண்டிய பகடை கிடைக்கும். விளையாட்டின் விதிகளும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் உள்ளன.

நன்றாக ஆடியவரை உடனடியாகக் கௌரவிக்கவும் ஒரு வழி வேண்டும். ஐந்தாம் பதிப்பு அதற்கு ‘இன்ஸ்பிரேஷன்’ என்ற சிறு பரிசை வைத்தது. தன் பாத்திரத்தின் குணத்துக்கோ பலவீனத்துக்கோ உண்மையாக ஒருவர் நடந்துகொண்டால் நடத்துநர் அதைக் கொடுக்கலாம். 2014ஆம் ஆண்டு விதிப்படி, கிடைத்தவர் தேவையான நேரத்தில் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கலாம், சேர்த்துக் குவிக்க முடியாது. தனக்குக் கிடைத்ததை, நன்றாக ஆடிய இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கவும் அதே விதி இடம் தந்தது. மேசையில் இருப்பவர்கள் ஒருவருடைய ஆட்டத்தை மற்றவர் கவனிக்கத் தொடங்குவதற்கு இது நல்ல காரணம்.

கஞ்சனாகப் பாத்திரம் எழுதிய ஒருவர், பிச்சைக்காரக் கிழவியின் முன் நின்று தடுமாறி, கடைசியில் மனமில்லாமல் ஒரு காசை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சண்டை எதுவும் நடக்கவில்லை, புதையலும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த நாளின் சிறந்த காட்சி அதுதான். நடத்துநர் அங்கே ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தி அந்தச் சிறு பரிசைக் கொடுத்தால், எப்படிப்பட்ட ஆட்டத்தை அவர் விரும்புகிறார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும். கதவை உடைக்க நிற்கும் குழுவில் சின்னவள் ஒருத்தி, “அண்ணே, ஒடைக்க வேணாம். நான் காவக்காரருக்கிட்ட பேசிப் பாக்கிறேன்” என்று சொல்லும்போதும் அப்படித்தான். பேச்சு பலிக்காமல் போனாலும், காவல்காரர் வாயிலிருந்து ஒரு பயனுள்ள செய்தியாவது விழ வேண்டும். பேசிப் பார்த்தால் எப்போதும் வெறுங்கைதான், வாளெடுத்தால் எப்போதும் பொன் என்று நடந்தால், நான்காம் கிழமையில் அந்தச் சின்னவளும் வாளைத்தான் எடுப்பாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில், வண்ணப் பேனையால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு கிழமைகளுக்குப் பிறகு வண்ணப் பேனைகளை மறுபடி மேசையில் பரப்பி வைத்துக் கவனித்தபோது, முதல் குழுப் பிள்ளைகள் மற்ற இரு குழுக்களையும்விட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

கதை நடத்துநருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. “நல்ல வசனம் பேசினால் பத்துப் புள்ளி” என்று தொடக்கத்திலேயே விலைப்பட்டியல் ஒட்ட வேண்டாம். ஆசையோடு பேச வந்தவர் புள்ளிக்காகப் பேசத் தொடங்குவார், புள்ளி நின்ற நாளில் பேச்சும் நின்றுவிடும். நடந்து முடிந்த நல்ல காரியத்தை, நடந்த பிறகு, காரணத்தோடு பாராட்டிக் கொடுப்பதே நல்லது.

எல்லோருக்கும் ஒரே பரிசு இனிக்காது என்பதும் உண்மை. ரொபின் லோஸ் 2002இல் கதை நடத்துநர்களுக்காக எழுதிய கைநூலில் ஆட்டக்காரர்களைப் பல வகையாகப் பிரித்தார். சக்தி சேர்ப்பதையே விரும்புபவர், சண்டையில் மனச்சுமையை இறக்கிவைப்பவர், திட்டம் தீட்டுபவர், பாத்திரமாகவே வாழ்பவர், கதையின் போக்கை ரசிப்பவர், நண்பர்களோடு உட்கார்ந்திருக்கவே வருபவர் என்று பட்டியல் போகிறது. திட்டம் தீட்டுபவருக்கு எதிரிக் கோட்டையின் வரைபடம் பொன்னைவிடப் பெரிது. பாத்திரமாக வாழ்பவருக்குத் தொலைந்துபோன தம்பியைப் பற்றிய ஒரு செய்தி போதும். ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பரிசு என்று சொல்லி மேடையின் நடுவுக்கு இழுப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும். யார் எந்தக் கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று நடத்துநர் கவனித்துவந்தால், யாருக்கு எது பரிசு என்பது இரண்டு மூன்று ஆட்டங்களில் தெரிந்துவிடும்.

பங்கு பிரிப்பதில்தான் மேசைகள் அதிகம் உடைகின்றன. இந்த விஷயத்தில் சப்ரகமுவவிலிருந்து உலகமே கற்றுக்கொள்ளலாம். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் காணிக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், நீர் இறைக்கும் பம்பு கொடுத்தவர், குழிக்குள் இறங்கியவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. இல்லம் எனப்படும் சரளைப் படையைக் கூடையில் அரித்து, கல் கிடைத்து, அது விலைபோன பிறகு பணம் அந்தப் பங்கின்படி பிரியும். யாருக்கு என்ன பங்கு என்பது கல் கண்ணில் படுவதற்கு முன்பே பேசப்பட்டிருக்கும். மேசை ஆட்டக் குழுவும் அதே மாதிரி முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்: கிடைக்கும் பொன் சமமாகப் பிரியுமா, பொதுப் பையில் சேருமா, மந்திரப் பொருள் தேவைப்படுபவருக்கா, சீட்டு எடுத்தவருக்கா? புதையலைக் கண்ட பிறகு தொடங்கும் பேச்சுவார்த்தை பாத்திரங்களை விட்டு ஆட்டக்காரர்கள் மேல் ஏறிவிடும். அனுபவப் புள்ளியை ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைப்பதும் அதே பகையை வளர்க்கும். படி எல்லோருக்கும் ஒன்றாக, பாராட்டு அவரவர் செயலுக்கு என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பரிசுகளை எங்கிருந்து எடுப்பது? புத்தகத்தில் உள்ள வெள்ளைக்காரக் கோட்டைகளும் பொற்காசுகளும்தான் கதை என்று யாரும் விதிக்கவில்லை. 2022இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வெளியிட்ட ‘ஜேர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ தொகுப்பில் இந்திய எழுத்தாளர் மிமி மொண்டல் எழுதிய கதை, வங்காள மண்ணின் சாயலில் அமைந்தது. சப்ரகமுவ மேசையில் பரிசு ஒரு நீலக்கல்லாக இருக்கலாம். சிங்கராஜ வனத்து வைத்தியர் ஒருவர் சொல்லித்தரும் மூலிகை இரகசியமாக இருக்கலாம். இறப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் கோயிலில், திருவிழா நாளில் முதல் மரியாதை பெறும் உரிமையாகவும் இருக்கலாம். இவற்றின் பெறுமதி ஆட்டக்காரர்களுக்கு விளக்காமலே தெரியும். எந்த நெருப்பு வாளும் அவர்களை இவ்வளவு நெருங்காது.

முதன்முறை நடத்தப்போகிறவர் ஆட்டத்துக்குக் குறித்த நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. டன்ஜன் வேர்ல்ட் அதற்கு மூன்று கேள்விகளைத் தருகிறது. இன்று இந்த உலகத்தைப் பற்றி முக்கியமான புதிய விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டோமா? குறிப்பிடத்தக்க எதிரி ஒருவரை வென்றோமா? நினைவில் நிற்கும் புதையல் ஏதும் கிடைத்ததா? ஒவ்வோர் ‘ஆம்’ என்ற பதிலுக்கும் மேசையில் உள்ள எல்லோருக்கும் ஒரு புள்ளி. நடத்துநர் தன் சொந்தக் கேள்வியையும் சேர்க்கலாம்: இன்று பக்கத்தில் இருந்தவர் செய்ததில் உங்களுக்குப் பிடித்தது எது? ஒவ்வொருவரும் இன்னொருவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பதில்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் அடுத்த கிழமைக்கான ஆயத்தத்தில் பாதி முடிந்தது. மூன்று பேர் காவல்காரரோடு நடந்த பேச்சைக் குறிப்பிட்டிருந்தால், அந்தக் காவல்காரருக்கு ஒரு பெயரும் ஒரு குடும்பமும் ஒரு கஷ்டமும் கொடுத்து, அடுத்த ஆட்டத்தை அவர் உதவி தேடி வந்து கதவைத் தட்டுவதில் தொடங்கலாம்.